ஸ்டாப்பர் பேக்குக்கு ஆள் எடுத்த வருஷம்

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த உயர்நிலைப் பள்ளியில் நான் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் மேட்டுப்பாளையம். எண்பதுகளின் தொடக்கம். கல்லூரியில் எனக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் அளப்பது. யார் எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் குதிக்கிறார், ஓடி முடித்தபின் நாடி எத்தனை நிமிஷத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று நோட்டில் எழுதி வைப்பேன். அந்த எண்கள் பொய் சொல்லாது என்று முழுசாக நம்பினேன்.

தோட்டத்துக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் சேர்ந்த மாசமே என்னை அதற்குப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். எனக்கு முன்பு அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபாக்டரியின் டீமேக்கர். இலையை எப்போது அரைக்கலாம், எப்போது உலர்த்தலாம் என்று தீர்மானிக்கிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இலங்கையில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தவர். அங்கே நல்ல பேக் ஆட்டக்காரராக இருந்தாராம். நான் வந்ததில் அவருக்கு வருத்தம் ஏதும் இருந்த மாதிரி தெரியவில்லை. "நீங்க ஓட வைங்க மாஸ்டர், நான் ஆட வைக்கிறேன்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்தே ஆட்களைத் தேர்ந்தெடுப்பது என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் போட்டியில் ஆறு தோட்டங்களின் அணிகள் ஆடும். தோட்டத்து ஆட்கள் தவிர, ஊட்டி டவுனிலும் சுற்று வட்டாரத்திலும் நன்றாக ஆடுகிறவர்கள் பலர் எந்த அணியிலும் இல்லாமல் இருந்தார்கள். பெரிய தோட்டம் ஒன்றே அவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். சீசனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஊட்டியில் ஒரு மைதானத்துக்கு வரச் சொல்வார்கள். காலையில் சோதனை, மத்தியானம் ஒரு ஆட்டம். சாயங்காலம் குலுக்கல் போட்டு வரிசைப்படி ஒவ்வொரு அணியும் ஓர் ஆளைக் கூப்பிடும். இரண்டு சுற்று. அவ்வளவுதான்.

அந்த வருஷம் காலைச் சோதனையை ஆறு அணிகளுக்கும் சேர்த்து நானே நடத்தினேன். மற்ற தோட்டங்களில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு சரியாக அளக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அறுபது மீட்டர் ஓட்டம், கம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுவது, நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிப்பது, கடைசியாகப் பன்னிரண்டு நிமிஷ ஓட்டம். முடிந்ததும் எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

எங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்டாப்பர் பேக். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, எதிராளி ஃபார்வர்டைத் தடுக்கிறவன். முந்தின வருஷம் அந்த இடத்தில் ஆடியவர் கால் முட்டி போய் நின்றுவிட்டார்.

காலைச் சோதனையில் நாலிலும் முதலாவதாக வந்தவன் எமரால்டு என்ற ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞன். கேரட் காட்டில் வேலை செய்கிறவன். பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஓடினான். மூட்டை தூக்கித் தூக்கித் தோளும் தொடையும் இறுகிப்போயிருந்தன. வாட்சைப் பார்த்துவிட்டு நம்பாமல் இன்னொரு முறை ஓடச் சொன்னேன். அதே நேரம்தான் வந்தது.

பன்னிரண்டு நிமிஷ ஓட்டத்தில் கடைசியாக வந்தவன் ஊட்டியிலேயே காந்தல் பக்கத்திலிருந்து வந்தவன். ஒரு பேக்கரியில் விடியற்காலையில் வர்க்கி பிஸ்கெட் போடுகிற வேலை. என் வயதுக்காரன். ஏழாவது நிமிஷத்திலேயே நடக்க ஆரம்பித்துவிட்டான். முடிந்ததும் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்று, "சாரிங்க சார், ராத்திரி தூக்கமில்லீங்க" என்றான். அவன் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டேன்.

மத்தியான ஆட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணியில் ஸ்டாப்பராக நின்றார்கள். எமரால்டுக்காரன் பந்து போகும் இடமெல்லாம் போனான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கிளம்பிப் போன இடத்துக்கே பந்து திரும்பி வந்தது. இரண்டு கோல் விழுந்தது. காந்தல்காரன் ஓடினதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு பக்கம் ரெண்டடி நகர்வான், இன்னொரு பக்கம் மூணடி நகர்வான், பந்து அவன் காலுக்கு வந்து சேரும். எதிராளிகள் தப்பாக அடிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். டீமேக்கர் என் முழங்கையைப் பிடித்தார்.

"மாஸ்டர், அந்தக் காந்தல்காரன எடுப்பம்."

"ஏழு நிமிஷத்துக்கு மேல ஓட முடியலைங்க அவனுக்கு."

"நாம ஓட்டப்பந்தயத்துக்கா ஆள் எடுக்கிறம்?"

"பந்து அவனைத் தாண்டிப் போயிட்டா யார் துரத்திப் பிடிக்கிறது?"

"தாண்டவே விட மாட்டானே. இவ்வளவு நேரம் என்னத்த பாத்தீங்க? அவன் பந்தப் பாக்கல. அடிக்கிறவனோட இடுப்பப் பாக்கிறான். வெளங்குதா?"

எனக்கு விளங்கவில்லை. இடுப்பைப் பார்ப்பதை எந்த அளவுகோலால் அளப்பது? குலுக்கலில் எங்களுக்கு மூன்றாவது இடம் வந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு அணிகளும் ஃபார்வர்டுகளைக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்ததும் டீமேக்கர் வாயைத் திறப்பதற்குள் நான் எமரால்டுக்காரன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றார்.

சுவரில் ஒட்டிய தாளை மற்ற அணிகளும் படித்திருந்தார்கள். அதனால் இரண்டாவது சுற்றிலும் காந்தல்காரனை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் முறை வந்தபோது டீமேக்கர் எனக்கு முன்னால் எழுந்து அவனைக் கூப்பிட்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன். ஆக இருவருமே எங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் எமரால்டுக்காரனைத்தான் ஸ்டாப்பராக நிறுத்தினேன். இரண்டும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் டீமேக்கர் ஃபாக்டரியிலிருந்து நேராக, சட்டையெல்லாம் தேயிலைத் தூளோடு, பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "ஒருக்கா அவன நிப்பாட்டிப் பாருங்க. தோத்தா இனி நான் வாயே தொறக்க மாட்டன்" என்றார். நிறுத்தினோம். கோலே விழவில்லை. அதற்கடுத்த மூன்று ஆட்டத்தில் மொத்தம் ஒரே கோல்.

எங்கள் மைதானம் மலைச் சரிவை வெட்டி எடுத்தது. ஒரு பக்கம் பந்து வெளியே போனால் நேராகத் தேயிலைச் செடிக்குள் உருண்டு போய்விடும். எடுத்துவர ஐந்து நிமிஷம் ஆகும். அப்படி ஆட்டம் நின்ற ஒரு நேரத்தில் கோட்டோரம் வந்து நின்ற காந்தல்காரனிடம் கேட்டேன். "பந்து எங்க வரும்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"சொல்லத் தெரியலீங்க சார். நம்மளால ஓட முடியாதில்லீங்களா, அதனால முன்னாலயே போய் நின்னுக்கறதுங்க."

எனக்குக் கிடைத்தது நல்ல பதில் என்று நினைத்தேன். டீமேக்கரிடம் சொல்லிச் சிரித்தோம். நம்மளால ஓட முடியாது என்று அவன் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழவே இல்லை.

சீசன் பாதியில் நான் மறுபடி சோதனை வைத்தேன். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதற்கு என்று டீமேக்கர் முணுமுணுத்தார். பயிற்சியால் எவ்வளவு முன்னேற்றம் என்று பார்க்கிற பழக்கம், விடவில்லை. எல்லோருக்கும் பன்னிரண்டு நிமிஷ ஓட்டத்தில் தூரம் கூடியிருந்தது. காந்தல்காரனுக்கு மட்டும் குறைந்திருந்தது. இந்த முறை ஐந்தாவது நிமிஷத்தில் நின்றான்.

"அடுப்பு முன்னால நிண்டு நிண்டு களைச்சிருப்பான்" என்றார் டீமேக்கர்.

இருக்கலாம்தான். ஆனால் வாரம் நாலு நாள் பயிற்சிக்கு வருகிறவனுக்குத் தூரம் குறையக் காரணம் இல்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. ஜனவரிக் காலையில் மலையில் எல்லோர் உதடும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மற்றவர்களுக்கு ஓடினதும் ரத்தம் ஏறிச் சிவந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒழுங்கில்லாமல் தாவித் தாவி அடித்தது. ஐந்து நிமிஷம் கழித்தும் அதே மாதிரிதான். நான் எண்ணுவதில்தான் தப்போ என்று முதலில் தோன்றியது.

"ராத்திரி எப்படிப் படுப்பே?"

"ரெண்டு தலகாணி வெச்சுக்குவனுங்க சார். மட்டமாப் படுத்தா மூச்சு முட்டுதுங்க."

"எத்தனை நாளா?"

"ஒரு ரெண்டு வருசம் இருக்குமுங்க. குளிருக்குத்தானுங்க."

மறுநாள் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை அவன் மார்பில் வைத்து வெகுநேரம் கேட்டார். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார். பிறகு, சின்ன வயதில் காய்ச்சல் வந்து முட்டி, கணுக்கால் எல்லாம் மாறி மாறி வீங்கினதா என்றார். ஆமாம் என்றான், நாலாவது படிக்கும்போது, ஒன்றரை மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை என்று. அவர் கோயம்புத்தூருக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே போய் வந்ததில் முடிவாகத் தெரிந்தது. அந்தப் பழைய காய்ச்சலால் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. ஓடினால் ரத்தம் போக வழி இல்லாமல் நுரையீரலில் தேங்கும். ஆபரேஷன் செய்ய வேண்டும். அதுவரை ஓடவே கூடாது.

இந்தச் செய்தியோடு பஸ்ஸில் மேலே ஏறும்போது அவன் என் பக்கத்து சீட்டில்தான் இருந்தான். பர்லியாரில் பஸ் நின்றபோது கீழே இறங்கிப் போனவன் திரும்பி ஏறி வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டான். குன்னூரில் நான் இறங்கும்போதுதான் பேசினான்.

"நல்லாத்தான சார் ஆடிட்டு இருந்தேன். ஒரு கோலாச்சும் என்னால உளுந்துச்சுங்களா? உங்க வாட்ச்சுதான என்னய வெளிய அனுப்பிருச்சு."

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

அரை இறுதிக்குப் பத்து நாள் இருந்தது. டீமேக்கர் முதலில் என்னிடம் சண்டைக்கு வந்தார். "ரெண்டு வருசமா இப்படித்தானே ஆடிக்கிட்டு இருக்கான்? ஒரு மேட்ச்தானே. அவன் ஓடவே வேணாம், நிண்டா போதும்." என்னால் முடியாது என்றேன். நீங்களே போய் டாக்டரம்மாவைக் கேளுங்கள் என்றேன். கோபத்தோடு அப்போதே கிளம்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். என் மேசையில் ஆட்டக்காரர்கள் பெயர் எழுதிய தாள் இருந்தது. பேனாவை எடுத்து அவன் பெயரை அவரே அடித்தார்.

"விழுந்தா எழும்புவானான்னு சொல்ல முடியாதாம்" என்றார். பிறகு, "நான் அவன ரெண்டு மாசமா வெயில்லயும் மழையிலயும் நிப்பாட்டி ஆட வச்சிருக்கன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காந்தல்காரன் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கிற உடம்பைக் கிழிக்கச் சொல்கிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஓர் அக்கா. சர்ச் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். ஒரு சனிக்கிழமை என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க சார், அவன் எதையும் சரியாச் சொல்ல மாட்டீங்கறான். ஓடறதப் பாத்தது நீங்கதான. நெசமாவே அவ்ளோ மோசமுங்களா?"

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். அணியில் எல்லோருடைய எண்களும் இரண்டு சோதனைக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எல்லாம் ஏறியிருக்க, ஒன்று மட்டும் இறங்கியிருந்தது. அவர் விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினார். "இந்தப் பக்கத்தக் குடுப்பீங்களா?" என்றார். கிழித்துக் கொடுத்தேன். வீட்டில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த வாரம், பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்லியனுப்பினார்.

அதன்பிறகு ஒரு நாள் காந்தல்காரனே மைதானத்துக்கு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. நேராக எமரால்டுக்காரனிடம் போனான். அரை இறுதியில் அந்த இடத்தில் நிற்கப்போகிறவன் அவன்தான். இருவரும் கோல் பக்கம் நின்று அரை மணி நேரம் பேசினார்கள். எதிராளி எந்தக் காலை ஊன்றுகிறான், தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காந்தல்காரன் நடித்துக் காட்டினான். பிறகு பயிற்சி ஆட்டம் வைத்தோம். எமரால்டுக்காரன் பழையபடி பந்து பின்னாலேயே ஓடினான். காலைப் பார், தோளைப் பார் என்றதில் முன்பைவிடக் குழம்பித்தான் போயிருந்தான்.

காந்தல்காரன் என்னிடம் வந்தான். பஸ்ஸுக்குப் பிறகு அப்போதுதான் பேசினான். "எனக்குத் தெரியறத அவனுக்குச் சொல்லத் தெரியலீங்க சார். ஒண்ணு பண்ணலாமுங்க. நான் கோலுக்குப் பின்னால நின்னு கத்தறேன். அவன் ஓடட்டும்."

அரை இறுதி ஊட்டியில். எதிர் அணி கோத்தகிரிப் பக்கம். அவர்களிடம் குள்ளமான, நல்ல வேகமான ஃபார்வர்ட் ஒருவன் இருந்தான். மைதானத்தில் மூடுபனி. காந்தல்காரன் மஃப்ளர் சுற்றிக்கொண்டு எங்கள் கோல் வலைக்குப் பின்னால் நின்றான். "போகாத, நில்லு! நில்லு! எடது! இப்பப் போ!" எமரால்டுக்காரன் போ என்றால் போனான், நில் என்றால் நின்றான். போ என்றபோது அவன் போன வேகத்தில் அந்தக் குள்ள ஃபார்வர்ட் இரண்டு முறை பந்தை விட்டுவிட்டு ஒதுங்கினான். நாங்கள் ஒரு கோல் போட்டோம். அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இடைவேளையில் எதிர் அணி நடுவரிடம் முறையிட்டது. நடுவர் வந்து காந்தல்காரனை மக்கள் உட்காரும் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். அது நியாயம்தான். அங்கிருந்து கத்தினால் கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் எமரால்டுக்காரன் தனியாக நின்றான். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு பந்துக்கு முன்னால் பாய்ந்தான், பந்து அவன் பின்னால் போனது, கோல். அடுத்த பத்து நிமிஷத்தில் அதே தப்பை மறுபடியும் செய்தான். குள்ள ஃபார்வர்ட் நடுக்கோட்டிலிருந்து தனியாகப் பந்தோடு போனான். எங்கள் கோல்கீப்பரையும் தாண்டிப் பந்தை உருட்டிவிட்டான். முடிந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது எமரால்டுக்காரன் கோல் கோட்டிலேயே கிடந்தான். பின்னாலிருந்து ஓடி வந்து, சறுக்கி, பந்தை வெளியே தள்ளியிருந்தான். டீமேக்கர் என் தோளைப் போட்டு உலுக்கினார். "மாஸ்டர்! இதுக்குத்தான் நீங்க அவன எடுத்தீங்க!"

ஆட்டம் முடியும் சமயத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். எல்லோருக்கும் மேலே எம்பி அவன்தான் பந்தைத் தலையால் முட்டினான். அது நேராக ஓர் எதிராளியின் காலில் போய் விழுந்தது. அந்த எதிராளி அடித்தான், கோல். இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

எமரால்டுக்காரன் தரையில் உட்கார்ந்து அழுதான். காந்தல்காரன் மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "கோட்டுல எடுத்த பாரு ஒரு பந்து, அங்க நான் இருந்திருந்தா வேடிக்கைதான் பாத்துட்டு இருந்திருப்பேன்" என்றான்.

மழை சீசனில் அவனுக்கு ஆபரேஷன் ஆனது. மார்பின் பக்கவாட்டில் நீளத் தையல். உயிருக்கு ஆபத்தில்லாமல் வந்துவிட்டான். பேக்கரி முதலாளி அவனை அடுப்படியிலிருந்து எடுத்துக் கடையில் வியாபாரத்துக்கு உட்கார வைத்தார். மறுபடி ஆடவில்லை.

அடுத்த வருஷம் ஆள் எடுக்கும் நாளுக்கு அவனையும் கூட்டிப்போனோம். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மத்தியான ஆட்டத்தில் ஒருவன் அப்படியே காந்தல்காரன் மாதிரியே ஆடினான். நகர்வதே தெரியவில்லை, பந்து அவனிடம் வந்தது. டீமேக்கருக்கும் காந்தல்காரனுக்கும் அவன்தான் வேண்டும். அவன் பன்னிரண்டு நிமிஷத்தில் சுமார்தான். நாடி மட்டும் பார்த்தேன், கடிகாரம் மாதிரி ஒழுங்காக அடித்தது. அவன் வேண்டாமென்றே எனக்குத் தோன்றியது, ஆனால் போன வருஷத்துக்குப் பிறகு எதிர்த்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. எடுத்தோம். அவன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, வெறும் சோம்பேறி. இரண்டாம் பாதியில் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். பயிற்சிக்கும் வர மாட்டான். மூன்றாவது ஆட்டத்தோடு உட்கார வைத்தோம்.

"தெரிஞ்சும் நீங்க ஏன் மாஸ்டர் சொல்லாம விட்டீங்க?" என்று டீமேக்கர் என்னையே கேட்டார். அந்த வருஷத்துக்கப்புறம் தேர்வு நாளில் நாங்கள் எப்போதும் சண்டை போட்டோம். எனக்குத் தோன்றியதை நான் சொல்லாமல் விட்டதில்லை, அவரும் விட்டதில்லை. சில வருஷம் அவர் சொன்னது சரியாக வந்தது, சில வருஷம் நான். இரண்டு பேரும் தப்பான வருஷமும் உண்டு.

எமரால்டுக்காரன் எங்களிடம் எட்டு சீசன் ஆடினான். ஆறாவது சீசனிலோ என்னவோ, ஒரு நாள் அவன் பந்து பின்னால் ஓடவில்லை என்பதைக் கவனித்தேன். ரெண்டடி நகர்ந்து நின்றான். பந்து வந்தது. ஆட்டம் முடிந்ததும் கேட்டேன், எப்போது பிடிபட்டது என்று.

"தெரியலீங்க சார். முன்ன மாதிரி கால் வர மாட்டீங்குது. அதுக்கப்புறம்தான்னு நெனைக்கறேன்."

மறுநாள் அவனை அறுபது மீட்டர் ஓடச் சொன்னேன். உண்மைதான், வேகம் குறைந்திருந்தது. அவனிடம் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் அவனையே ஸ்டாப்பராக எழுதினேன்.